லாட்டரி அடித்தவர் பெயரை மறைக்கலாம், ஆளை மாற்றக் கூடாது

கேரள எல்லையை ஒட்டிய குழித்துறையில் வக்கீலாக இருக்கிறேன், நோட்டரியும்கூட. கேரள லாட்டரியின் ஓணம், விஷு, கிறிஸ்துமஸ் பம்பர் குலுக்கல் முடிந்த நாட்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: "சாரே, பேரு வெளிய தெரியாம பைசா வாங்க வழி உண்டா?"

வழி உண்டு, பெரிய சிரமமும் இல்லை. ஆனால் நம்மாட்களில் பலர் அதைக் கேட்பதற்கு முன்பே வேறொரு வேலையைச் செய்து முடித்துவிட்டுத்தான் என் ஆபீஸ் படி ஏறுகிறார்கள்.

சமீபத்தில் வந்தவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில் எடுத்த டிக்கெட்டுக்கு லட்சக் கணக்கில் பரிசு. ஊரில் தெரிந்தால் கடன் கேட்டு வருவார்கள், பங்காளிகள் வருவார்கள் என்ற பயம். கூட வேலை பார்த்த அந்தப் பக்கத்து நண்பனிடம், "நீயே ஒன் பேருல மாத்து, ஒரு பங்கு எடுத்துக்க" என்று டிக்கெட்டைக் கொடுத்துவிட்டார். நண்பன் பின்பக்கத்தில் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். பணம் அவன் கணக்கில் ஏறியது. முதலில் கொஞ்சம் கொடுத்தான், அப்புறம் "அடுத்த வாரம்" என்றான், இப்போது போனை எடுப்பதில்லை. ஆதாரம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். டிக்கெட்டின் முன்பக்கம், அதைப் பிடித்திருக்கும் பெருவிரலில் காய்ந்த ரப்பர் பால். நம்பர் தெளிவாகத் தெரிகிறது. அது யாருடைய டிக்கெட் என்பதற்கு அந்தப் படத்தில் ஒன்றுமே இல்லை.

இது முதல் ஆள் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். மச்சானிடம் கொடுத்தவர், முதலாளியிடம் கொடுத்தவர், டிக்கெட் விற்ற கடைக்காரரிடமே கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர் என்று வரிசையாக வருகிறார்கள்.

தயவுசெய்து இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். அடுத்தவர் பெயரில் பரிசு வாங்கினால் உங்கள் பெயர் ரகசியமாக இருக்காது. உங்கள் பரிசு அடுத்தவர் பரிசாகிவிடும். பின்பக்கம் காலியாக இருக்கும் டிக்கெட், யார் கையில் இருக்கிறதோ அவருக்குப் பணம் தரும் தாள். அதில் கையெழுத்துப் போட்டு, ஆதாரும் பான் கார்டும் கொடுத்து, பணம் பெற்றதாக ரசீதிலும் ஒப்பமிட்டவர்தான் அரசுக் கணக்கில் பரிசுக்காரர். நீங்கள் கோர்ட்டுக்கு வந்தால், "அரசிடம் நான் சொல்ல வைத்தது பொய், உண்மையான உரிமையாளர் நான்தான்" என்றுதான் உங்கள் வழக்கே தொடங்க வேண்டும். எந்த வக்கீலும் இப்படி ஒரு வழக்கை ஆசையாக எடுக்க மாட்டார்.

சரி, நண்பன் உத்தமன், முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றே வையுங்கள். வருமான வரிச் சட்டப்படி நண்பன் உறவினர் அல்ல. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வந்த பணம் முழுவதும் உங்கள் வருமானம். லாட்டரியில் ஒரு தடவை வரி போனது, இப்போது இன்னொரு தடவை. அந்தப் பணத்தில் அவன் பெயரிலேயே நிலம் வாங்கிப் போட்டிருந்தால் இன்னும் மோசம். பினாமிச் சட்டம் வரும், நிலம் பறிமுதலாகலாம், "அது என்னுடையது" என்று நீங்கள் வழக்குப் போடவும் அந்தச் சட்டம் இடம் தராது.

இந்த யோசனையெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பாதி யூடியூப். "டிரஸ்ட் பேருல வாங்கலாமாமே சார்?" என்று கேட்கிறார்கள். அது அமெரிக்காவில், அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் பரிசுக்காரர் பெயர் பொதுத் தகவல், கேட்டால் கொடுத்தாக வேண்டும். டெலவேரில் பெயர் வெளியிட வேண்டாம் என்று பரிசுக்காரர் சொல்லலாம். நியூ ஹாம்ப்ஷயரில் 2018-இல் சுமார் 56 கோடி டாலர் அடித்த ஒரு பெண், டிக்கெட்டின் பின்னால் தன் பெயரை எழுதிய பிறகுதான் டிரஸ்ட் வழியாக வாங்கியிருந்தால் பெயர் வெளியே வராது என்று தெரிந்துகொண்டார். கோர்ட்டுக்குப் போனார். பெயரை மறைக்கலாம், ஊர்ப் பெயரைச் சொல்லலாம் என்று தீர்ப்பு. அங்கே பின்பக்கம் கையெழுத்துப் போட்டதுதான் சிக்கல். இங்கே போடாததுதான் சிக்கல். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் பாறசாலை டிக்கெட்டைக் காலியாக வைத்திருப்பவரை என்ன சொல்வது?

மீதிப் பாதி, போலீஸ் பயம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை. அதனால் பரிசு வாங்கினாலே குற்றம் என்று ஒரு நினைப்பு. கேரளத்துக்குள் போய், அங்கே உள்ள கடையில் எடுத்த டிக்கெட்டுக்கு விழுந்த பரிசை நம்மவர்கள் முறையாக வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2022 விஷு பம்பரின் 10 கோடியே நம் மாவட்டத்துக்குத்தான் வந்தது. வெளிமாநிலத்தவர் என்றால் லாட்டரித் துறையில் எங்கே எடுத்தீர்கள், எதற்காகக் கேரளம் வந்தீர்கள் என்று கேட்பார்கள். வேலைக்குப் போனேன், ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் கைமாற்றாக வாங்கியவர்களுக்குத்தான் அங்கே நாக்குக் குழறும். வாட்ஸ்அப்பில் டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கேரள லாட்டரி ஆன்லைனில் விற்கப்படுவதே இல்லை. அந்தப் பணத்தை ஆற்றில் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நேரான வழி. பெயரை வெளியிட வேண்டாம் என்று லாட்டரித் துறையிடம் எழுதிக் கேளுங்கள். 2022 ஓணம் பம்பரில் 25 கோடி அடித்தவர், உதவி கேட்டு வரும் கூட்டம் தாங்காமல் சொந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்று வீடியோ போட்டதை எல்லாரும் பார்த்தோம். அடுத்து வந்த கிறிஸ்துமஸ் புத்தாண்டு பம்பரில் 16 கோடி அடித்தவர், பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், துறையும் சொல்லவில்லை. டிக்கெட்டை நேரில் கொண்டுபோகவும் வேண்டியதில்லை. உங்கள் வங்கி மூலமாகவே சமர்ப்பிக்கலாம். வாடிக்கையாளர் விவரத்தை ரகசியமாக வைப்பது வங்கியின் கடமை.

ஆனால் பத்திரிகையிடமிருந்து மறையலாம், அரசிடமிருந்து மறைய முடியாது. 30 சதவீத வரி உங்கள் பான் எண்ணில்தான் பிடிக்கப்படும். அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள், சர்சார்ஜும் (பெரிய வருமானத்துக்கான கூடுதல் வரி) செஸ்ஸும் (வரி மேல் போடும் வரி) நீங்களே கட்ட வேண்டும். அந்த 25 கோடியில் ஏஜென்ட் கமிஷன் இரண்டரைக் கோடியும் வரியும் போக வந்தது 15.75 கோடி. அப்புறம் அன்றைய விகிதப்படி கட்ட வேண்டியிருந்தது ஏறக்குறைய 2.87 கோடி. முழுத் தொகையையும் வீட்டுக்கும் காருக்கும் முன்பணமாகக் கொடுத்துவிட்டு மார்ச் மாதம் ஆடிட்டர் முன்னால் முழிக்காதீர்கள்.

பெயர் கசிவது பெரும்பாலும் லாட்டரி ஆபீசிலிருந்து அல்ல. எந்தக் கடையில் விற்ற டிக்கெட் என்பது குலுக்கல் முடிந்ததுமே தெரிந்துவிடும். கடைக்காரருக்கு அது விளம்பரம், ஃபிளெக்ஸ் வைப்பார், பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். அந்த நேரத்தில் டிக்கெட் படத்தைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டு, "யாரிட்டயும் சொல்லாதீங்க" என்று கீழே எழுதுவது நீங்கள்தானே? ஜெராக்ஸ் கடையில் மறந்துவிட்டு வந்த நகலும் அப்படித்தான். என்னிடம் வருகிறவர்களும் வெளி பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் தொகை உட்படச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்து குரலைத் தாழ்த்துகிறார்கள். வக்கீலிடம் சொன்னதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, பெஞ்சுக்குக் கிடையாது. நோட்டரியாக நான் சான்றளித்தால் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அது விதி. ஊரில் தெரிந்த பிறகு கோயில் கமிட்டி, சர்ச் கமிட்டி, இளைஞர் மன்றம் மூன்றும் ஒற்றுமையாக உங்கள் வாசலில் நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

ஆகவே டிக்கெட் எடுத்த உடனேயே, பரிசு விழுமா என்று பார்க்காமல், பின்பக்கம் பெயர், விலாசம், கையெழுத்து. அதன் பிறகு இரண்டு பக்கமும் படம் எடுத்து போனிலேயே வையுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம். நாலு பேர் சேர்ந்து எடுத்தால் அன்றைக்கே ஒரு தாளில் எல்லார் பெயரும் பங்கும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்; விழுந்த பிறகு எழுதும் தாளில் ஆளுக்கொரு கணக்கு வரும். பரிசு விழுந்தால் குலுக்கலிலிருந்து 30 நாட்களுக்குள் கோர வேண்டும். நல்ல நாள் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். மனைவியிடம் சொல்லுங்கள். பணத்தை யாரிடமாவது கொடுத்து வைக்கத் தோன்றினால் வங்கியில் வைப்பு போடுங்கள்.

ஏற்கெனவே டிக்கெட்டை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டவர்கள், அவன் இன்னும் டிக்கெட்டைச் சமர்ப்பிக்கவில்லை என்றால் இன்றைக்கே வாருங்கள், திங்கள்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். வாங்கிய கடை, அன்று வேலை பார்த்த இடம், அவனோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, போன் அழைப்பு விவரம், பஸ் டிக்கெட் இருந்தால் அதுவும், எதையும் அழிக்காமல் கொண்டுவாருங்கள். அவனிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வராதீர்கள்.