கிலுகிலுப்பையை எங்கே வைப்பது?

1887ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அறிவியல் இதழ் ஒன்றில், அருங்காட்சியகத்தில் பொருள்களை எப்படி அடுக்குவது என்பது பற்றி ஒரு விவாதம் நடந்தது. வாஷிங்டனில் இருந்த தேசிய அருங்காட்சியகத்தின் மானிடவியல் பிரிவைக் கவனித்துவந்த ஓட்டிஸ் மேசன், உயிரியலாளர்கள் தாவரங்களையும் விலங்குகளையும் வகைப்படுத்துவது போலவே மனிதர் செய்த பண்டங்களையும் வகைப்படுத்தியிருந்தார். எந்த மக்கள் செய்தது என்று பாராமல், வில்லும் அம்பும் ஓரிடம், மட்கலங்கள் ஓரிடம், இசைக்கருவிகள் ஓரிடம் என்று பிரித்து, எளியதிலிருந்து சிக்கலானது வரை வரிசையாக வைப்பது அவருடைய முறை. கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் இனுயிட் மக்களிடையே ஓராண்டுக் காலம் தங்கித் திரும்பியிருந்த, முப்பது வயதைத் தொடாத மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் இதை மறுத்து எழுதினார். கிலுகிலுப்பையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். ஒலியெழுப்ப விரும்பும் குழந்தைக்காக ஓரிடத்தில் அது செய்யப்பட்டிருக்கலாம். ஆவிகளை அழைக்கும் சடங்குக்காக வேறோரிடத்தில் அதே வடிவில் அது செய்யப்பட்டிருக்கலாம். இரண்டையும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் அருகருகே வைத்தால், அவை ஒன்று என்ற பொய்யைத்தான் பார்வையாளர் கற்றுக்கொள்வார். எனவே ஒரு மக்கள் கூட்டம் செய்த பண்டங்களையெல்லாம் சேர்த்து ஓரிடத்தில் வைக்கவேண்டும் என்பது போவாஸின் வாதம்.

கையில் பிடிக்கும் பண்டத்தையும் மனத்தில் கொள்ளும் அர்த்தத்தையும் தமிழில் 'பொருள்' என்ற ஒரே சொல் குறிக்கிறது. மேசன் முதற்பொருளை அடுக்கிவைத்தார். போவாஸ் இரண்டாம் பொருளைக் கேட்டார். மானிடவியலும் சமூகவியலும் 'பண்பாடு' என்று சொல்லும்போது எதைக் குறிக்கின்றன என்பதை விளங்கிக்கொள்ள, எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல வாயில் இல்லை.

அன்றாடப் பேச்சில் பண்பாடு ஒரு பாராட்டுச் சொல். நிலத்தைப் பண்படுத்துவது போல மனத்தைப் பண்படுத்திக்கொண்டவரைப் பண்பாடு உடையவர் என்கிறோம். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இதற்கு வழங்கும் சொல்லும் உழவைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்தே பிறந்தது என்பது ஒரு வியப்பான ஒற்றுமை. இந்த வழக்கில் சிலரிடம் பண்பாடு மிகுதி, சிலரிடம் குறைவு, சிலரிடம் இல்லை. அறிவியல் வழக்கிலோ பண்பாடு இல்லாத மனிதர் எவரும் இல்லர். 1871இல் ஆங்கிலேய மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் தந்த வரையறை இன்றும் பாடநூல்களின் முதல் பக்கத்தில் நிற்கிறது: அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் ஆகியவற்றோடு, சமூகத்தின் உறுப்பினர் என்ற முறையில் மனிதர் பெற்றுக்கொண்ட பிற திறன்களும் பழக்கங்களும் அடங்கிய முழுமை அது. பின்னர் 1952இல் அமெரிக்க மானிடவியலாளர்கள் க்ரோபரும் க்ளக்கோனும் தொகுத்துப் பார்த்தபோது 164 வரையறைகள் கிடைத்தன. அவற்றை ஒப்பிடுவதில் மாணவர்கள் நெடுநேரம் செலவிடுவதுண்டு. டைலரின் வரையறையில் உள்ள 'பெற்றுக்கொண்ட' என்ற ஒரு சொல்லுக்கு அவை அனைத்தையும்விட எடை அதிகம் என்று நான் கருதுகிறேன். பண்பாடு பிறவியில் வருவதன்று, பிறரிடமிருந்து வாங்கிக்கொள்வது. ஆனால் டைலர், மனித குலம் முழுவதும் ஒரே படிக்கட்டில் ஏறிக்கொண்டிருப்பதாகவும், சிலர் கீழ்ப்படியில் நிற்பதாகவும் எண்ணினார். அந்தப் படிக்கட்டைத் தகர்த்து, பண்பாடு என்ற ஒருமையைப் 'பண்பாடுகள்' என்ற பன்மையாக மாற்றியதில் போவாஸுக்கும் அவருடைய மாணவர்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

வாங்கிக்கொள்வது எப்போது தொடங்குகிறது? நாம் நினைப்பதைவிட மிக முன்னதாகவே தொடங்குகிறது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு கனடிய ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இந்தி மொழியில் நாக்கு பல்லைத் தொட்டு எழும் ஒலிக்கும் மேலண்ணத்தை வருடி எழும் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை, அதாவது ஏறத்தாழ நம் தகரத்துக்கும் டகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை, ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகள் உணர்கின்றனவா என்று சோதித்தது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலவே உணர்ந்தன. முதல் சொல்லைப் பேசும் முன்னரே, தன்னைச் சுற்றியுள்ளோருக்குத் தேவைப்படாத வேறுபாடுகளைக் குழந்தையின் செவி கைவிடத் தொடங்கிவிடுகிறது. பண்பாடு நமக்குள் சேர்ப்பவற்றைப் பற்றியே பேசிப் பழகிய நமக்கு, அது நம்மிடமிருந்து கழிப்பவையும் உண்டு என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. இவ்வாறு ஒருவர் தம் சமூகத்தின் வழிகளை உள்வாங்கிக்கொள்வதை மானிடவியலாளர்கள் பண்பாட்டுவயமாதல் என்றும், சமூகவியலாளர்கள் பெரும்பாலும் சமூகமயமாதல் என்றும் குறிப்பிடுகின்றனர். இரண்டுக்கும் இடையே நுண்ணிய வேறுபாடு உண்டு என்றாலும் இங்கே அது நம்மைத் தடுக்கவேண்டியதில்லை.

பிறரிடம் கற்றுக்கொள்வது மனிதருக்கு மட்டும் உரியதன்று. 1953இல் ஜப்பானின் கோஷிமா தீவில் ஓர் இளம் பெண் குரங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கை நீரில் கழுவித் தின்னத் தொடங்கியதும், அப்பழக்கம் கூட்டத்தில் பரவியதும் பதிவாகியுள்ளன. ஆப்பிரிக்காவில் சிம்பன்சிகளை நெடுங்காலம் கவனித்த ஏழு களங்களின் பதிவுகளை 1999இல் ஒப்பிட்டபோது, சூழல் வேறுபாட்டால் விளக்க முடியாமல், ஒரு கூட்டத்தில் வழக்கமாக இருந்து இன்னொன்றில் இல்லாத 39 நடத்தைகள் கண்டறியப்பட்டன. அப்படியானால் மனிதரிடம் தனியாக இருப்பது எது? விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் 2005இல் வெளியிட்ட ஒரு சோதனையில் இதற்கு அழகான விடை இருக்கிறது. ஒரு பெட்டிக்குள் உள்ள பரிசை எடுத்துக் காட்டுபவர், முதலில் மேல்துளையில் குச்சியை நுழைத்துக் குத்துகிறார். பிறகு பக்கத் துளையின் வழியே பரிசை எடுக்கிறார். பெட்டி ஒளிபுகாததாக இருந்தபோது இளம் சிம்பன்சிகள் இரண்டு செயல்களையும் அப்படியே செய்தன. கண்ணாடி போன்ற பெட்டியைக் கொடுத்தவுடன், மேல்துளையில் குத்துவதால் பயனில்லை என்று கண்டு அதை விட்டுவிட்டு நேராகப் பரிசை எடுத்தன. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளோ, பயனில்லை என்று கண்ணுக்குத் தெரிந்தபோதும் எல்லாவற்றையும் காட்டியபடியே செய்தனர்.

முதல் பார்வைக்குச் சிம்பன்சியே அறிவாளி. ஆனால் காரணம் தெரியாத ஒரு செயலையும் விடாமல் பின்பற்றும் இந்த இயல்பு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதற்கு வரலாற்றில் ஒரு துயரச் சான்று உண்டு. ஆஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்து திரும்பிய பர்க், வில்ஸ், கிங் என்ற மூன்று நாடாய்வுப் பயணிகளும் 1861இல் கூப்பர் ஓடைக்கரையில் உணவின்றிச் சிக்கிக்கொண்டனர். அங்கு வாழ்ந்த யாண்ட்ருவாண்டா மக்கள் நார்டூ என்ற பெரணி வகைச் செடியின் வித்துகள் அடங்கிய உறைகளை உண்பதைக் கண்டு, தாமும் சேகரித்து மாவாக்கி உண்டனர். வயிறு நிறைந்தது, உடல் நாளுக்கு நாள் மெலிந்தது. பசி தீர்கிறது, வலிமை வரவில்லை என்று வில்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்தச் செடியில் உயிர்ச்சத்து பி1ஐச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. யாண்ட்ருவாண்டா மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பின்பற்றிய பக்குவம் அதன் தீமையைக் குறைத்தது என்றும், செடியை மட்டும் எடுத்துக்கொண்டு பக்குவத்தை விட்டதே வந்தவர்களை வீழ்த்தியது என்றும் இன்றைய ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர். பர்க்கும் வில்ஸும் மாண்டனர். அம்மக்களோடு சேர்ந்து வாழ்ந்த கிங், செப்டம்பரில் மீட்புக் குழு வரும்வரை உயிரோடு இருந்தார். அம்மக்களில் எவருக்கும் நொதியைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரியவேண்டிய தேவையும் இல்லை. எந்தத் தனி மனிதரும் தம் வாழ்நாளில் கண்டறிய முடியாததை ஒரு கூட்டம் காலப்போக்கில் சேர்த்துவைத்து, விளக்கம் இல்லாமலே கைமாற்றுகிறது. சேர்ந்துகொண்டே போகும் இந்தத் தன்மை சிம்பன்சிகளின் பழக்கங்களில் மனிதரிடம் காணும் அளவுக்குக் காணப்படுவதில்லை.

பயன் உள்ளவை மட்டுமே பண்பாட்டில் சேர்வதில்லை. நியூகினிக்குக் கிழக்கே உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் முதல் உலகப் போர்க் காலத்தில் களப்பணி செய்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, அங்கு நிலவிய குலா என்ற பரிமாற்றத்தை விவரித்தார். செந்நிறச் சிப்பி மாலைகள் தீவுகளின் வட்டத்தில் ஒரு திசையிலும், வெண்சிப்பிக் கைவளைகள் எதிர்த்திசையிலும் பயணம் செய்கின்றன. அவற்றைப் பெறுவதற்காக ஆபத்தான கடலில் தோணி ஏறுபவர், பெற்றதைச் சில காலம் வைத்திருந்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறார். பண்டமாக மட்டும் பார்த்தால் இந்த உழைப்புக்கு விளக்கமே இல்லை. அந்த மாலையின் பெயரும், அது யார் யார் கையில் இருந்தது என்ற கதையும், கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே அது கட்டும் வாழ்நாள் உறவும் தெரிந்த பிறகே அது மாலையாகிறது. குறியீடு என்று மானிடவியல் சொல்வது இதைத்தான்: ஒரு பண்டமோ செயலோ ஒலியோ, தன் இயற்கைத் தன்மையில் இல்லாத ஒரு பொருளை, மக்கள் சேர்ந்து ஒப்புக்கொண்டதனால் மட்டுமே தாங்கி நிற்பது.

சேர்ந்து ஒப்புக்கொண்டது என்றேன். எவரும் அப்படி உட்கார்ந்து ஒப்பந்தம் செய்யவில்லை. அப்படியிருந்தும் அது நம்மைக் கட்டுப்படுத்துகிறது. தனி மனிதருக்கு வெளியே நின்று அவரை நெருக்கும் இந்த ஆற்றலைப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1895இல் சமூக மெய்ம்மை என்று பெயரிட்டு, சமூகவியலின் ஆய்வுப் பொருளே அதுதான் என்றார். 1906இல் அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கிரஹாம் சம்னர் நெறிமுறைகளை எடை பார்த்துப் பிரித்தார். மீறினால் முகம் சுளிப்பதோடு முடிந்துவிடும் வழக்கங்கள் ஒருபுறம்; மீறினால் சமூகமே தாக்கப்பட்டதாகக் கொதிக்கும் ஒழுக்க நெறிகள் மறுபுறம். பாடநூல்கள் இந்தப் பிரிவினையோடு நின்றுவிடுகின்றன. ஆனால் மிக ஆழத்தில் உள்ள நெறிகள், நெறி என்றே தோன்றாதவை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெரால்டு கார்ஃபிங்கல் 1960களில் தம் மாணவர்களிடம், சொந்த வீட்டிலேயே வாடகைக்குத் தங்கியவரைப் போலச் சிறிது நேரம் நடந்துகொள்ளச் சொன்னார். பணிவோடு பேசவேண்டும், கேட்டால் மட்டும் பதில் சொல்லவேண்டும், எதற்கும் அனுமதி கேட்கவேண்டும். அவர்கள் செய்ததில் தவறு ஒன்றுகூட இல்லை. சொல்லப்போனால் அளவு மீறிய மரியாதைதான் இருந்தது. எனினும் குடும்பத்தினர் திகைத்தனர், உடல்நலம் சரியில்லையா என்று கேட்டனர், சிலர் கோபமடைந்தனர். குடும்பத்துக்குள் எவ்வளவு மரியாதை கூடாது என்று ஒரு விதி இருப்பதை, அது உடையும்வரை அவ்வீடுகளில் எவரும் அறிந்திருக்கவில்லை.

தம் வழி ஒரு வழி என்றே தெரியாதபோது, அடுத்தவரின் வழி பிழையாகத் தோன்றுவது இயல்பு. தம் கூட்டத்தையே நடுவில் வைத்து மற்றெல்லாவற்றையும் அதனோடு ஒப்பிட்டு மதிப்பிடும் இந்த நோக்கைச் சம்னர் தன்னினமையவாதம் என்று விளக்கினார். அதற்கு மாற்றாக வந்தது பண்பாட்டுச் சார்பியல்: ஒரு வழக்கத்தை, அது வாழும் பண்பாட்டின் உள்ளிருந்து முதலில் விளங்கிக்கொள்ளவேண்டும். போவாஸின் கிலுகிலுப்பை கேட்டதும் இதைத்தான். இது ஓர் ஆய்வுமுறை. விளங்கிக்கொள்வது ஏற்றுக்கொள்வது ஆகாது. இவ்விரண்டையும் குழப்புவதால் எழும் சண்டைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

அந்தக் குழப்பம் அறிஞர்களையும் விட்டதில்லை. ஐக்கிய நாடுகள் அவை உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தை உருவாக்கிக்கொண்டிருந்த 1947இல், அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் செயற்குழு, போவாஸின் மாணவர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் வரைந்த ஓர் அறிக்கையை அனுப்பியது. ஒரு பண்பாட்டின் மதிப்பீடுகளைக் கொண்டு எழுதப்படும் உரிமைகளை மனித குலம் முழுவதற்கும் பொதுவாக்க முடியுமா என்று அது ஐயம் எழுப்பியது. குடியேற்ற ஆதிக்கம் ஓயாத அக்காலத்தில் அந்த ஐயத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் ஒரு பண்பாட்டை ஒரே குரல் கொண்ட முழுமையாக அது எண்ணிவிட்டது என்ற குறையும் இருந்தது. எந்தப் பண்பாடும் அப்படி இருப்பதில்லை. அதற்குள் சிறு குழுக்களுக்கே உரிய துணைப் பண்பாடுகள் உண்டு, பொது நெறிகளை மறுக்கும் எதிர்ப் பண்பாடுகள் உண்டு. கருவிகள் விரைந்து மாற, அவற்றுக்கேற்ற நெறிகள் பின்தங்கி வருவதால் உண்டாகும் இடைவெளியைச் சமூகவியலாளர் வில்லியம் ஆக்பர்ன் 1922இலேயே சுட்டிக்காட்டினார். உயர்குடியினரின் சுவையும் பேச்சும் பள்ளியில் மூலதனம் போலச் செயல்பட்டு அவர்களின் பிள்ளைகளுக்கு வட்டி ஈட்டித் தருவதைச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ பிரான்சில் ஆராய்ந்து காட்டினார். வழக்கம் என்று ஒருவர் சொல்வதை அதே கூரையின் கீழ் இன்னொருவர் சுமையாகச் சுமக்கிறார். யாரைக் கேட்டு அந்தப் பண்பாட்டை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து விவரணையே மாறுகிறது.

1999இல் அதே சங்கம் புதிய பிரகடனம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. மனிதரின் வேறுபாடுகளை மதிப்பதை அது கைவிடவில்லை. ஆனால் அந்த வேறுபாட்டையே காரணமாக வைத்து எவருக்கேனும் அடிப்படை உரிமை மறுக்கப்படும் இடத்தில் மானிடவியலாளர்கள் அக்கறை கொள்ளவேண்டும் என்றது. பாதுகாக்கப்பட வேண்டிய உரிமையாக அது குறிப்பிட்டது, பண்பாட்டை உருவாக்கி வாழும் ஆற்றலை. அந்த ஆற்றல் கூட்டங்களுக்கு மட்டும் உரியதன்று, ஒவ்வொரு மனிதருக்கும் உரியது என்பதை அந்தப் பிரகடனம் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.