ஃபிரெஸ்கோ: சுவரோவியம் என்றால் போதாது

மறுமலர்ச்சிக் கால இத்தாலியைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘ஃபிரெஸ்கோ’ என்று வந்தால் ‘சுவரோவியம்’ என்று போட்டுவிடுகிறோம். எனக்கு அது உறுத்துகிறது. சுவரோவியம் என்பது ‘மியூரல்’ என்ற சொல்லுக்குத்தான் சரி. லத்தீனில் ‘மூருஸ்’ என்றால் சுவர். ஃபிரெஸ்கோ என்ற இத்தாலியச் சொல்லிலோ சுவரே கிடையாது. ‘புதிது’, ‘குளிர்ச்சியானது’ என்று பொருள். ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. ஆங்கில ‘ஃபிரெஷ்’ இதன் உறவு. புதிது எது? சுவரில் அன்றைக்குப் பூசிய, இன்னும் ஈரம் காயாத சுண்ணாம்புச் சாந்து.

நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் குழைத்துப் பூசி, ஈரம் போவதற்குள் தண்ணீரில் கரைத்த வண்ணத்தைத் தீட்டுவார்கள். பசை வேண்டியதில்லை. காயக் காய, சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும். வண்ணம் அந்தக் கல்லுக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுதான் பூச வேண்டும். அந்தத் துண்டுக்கு ‘ஜோர்னாத்தா’ என்று பெயர். ‘ஜோர்னோ’ என்றால் நாள். மைக்கேலாஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலய விதானத்தை 1508 முதல் 1512 வரை இப்படித் துண்டு துண்டாகவே வரைந்து முடித்தார்.

ஃபிளாரன்ஸில், சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில், மசாச்சோ 1427 வாக்கில் வரைந்த ‘திரித்துவம்’ இருக்கிறது. தட்டைச் சுவர்தான், பார்த்தால் உள்ளே ஒரு சிற்றாலயத்தையே குடைந்து, வளைவுக்கூரை போட்டதுபோல் இருக்கும். கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி கண்டறிந்த, தட்டைப் பரப்பில் ஆழத்தைக் காட்டும் தோற்றக் கணக்கு ஓவியத்துக்குள் குடியேறிய இடம் இது. கூரையின் கோடுகளெல்லாம் பார்ப்பவரின் கண்மட்டத்தில் ஒரே புள்ளியில் கூடுகின்றன. அதற்காக ஈரப் பூச்சில் கீறிய கோடுகளின் தடம் இன்னும் சுவரில் இருக்கிறது. காய்ந்த சுவரில் அப்படித் தடம் விழுமா!

மிலானில் லியொனார்தோ 1495க்கும் 1498க்கும் இடையில் வரைந்த ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தையும் பலர் ஃபிரெஸ்கோ என்கிறார்கள். தவறு. யோசித்து, திருத்தி, நிதானமாக வரைய விரும்பினார் அவர். ஈரச் சாந்து அவ்வளவு நேரம் காத்திருக்காது. காய்ந்த பூச்சின்மேல் டெம்பராவும் (முட்டைக் கருவில் குழைத்த வண்ணம்) எண்ணெயும் கொண்டு வரைந்தார். இருபது ஆண்டுகளுக்குள்ளேயே அது சிதையத் தொடங்கிவிட்டது. அது சுவரோவியம், ஃபிரெஸ்கோ அல்ல.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? சுண்ணாம்புச் சாந்துக்குச் ‘சுதை’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. கோபுரத்துப் பொம்மைகளைச் சுதைச் சிற்பம் என்றுதானே சொல்கிறோம். ஆனால் ‘சுதை ஓவியம்’ என்று மட்டும் சொன்னால் காய்ந்த சுதையும் அதற்குள் வந்துவிடும். ‘ஈரச்சுதை ஓவியம்’ என்பதே பொருந்தும். காய்ந்த பூச்சின்மேல் வரைவதை இத்தாலியர் ‘செக்கோ’ என்பார்கள், உலர்ந்தது என்று பொருள். அதற்கு ‘உலர்சுதை ஓவியம்’.

இரண்டும் ஒரே சுவரில் சேர்ந்திருப்பதும் உண்டு. அசுரைட் என்ற நீலநிறக் கனிமத்தின் வண்ணம் ஈரச் சுண்ணாம்போடு ஒத்துப்போகாது. பதுவாவில் ஜோத்தோ 1305 வாக்கில் வரைந்து முடித்த அரேனா சிற்றாலயத்தில் மற்ற வண்ணங்களை ஈரச்சுதையில் தீட்டிவிட்டு, நீலத்தை உலர்சுதையில் தீட்டினார்கள். மரியாளின் நீல ஆடைதான் அங்கே அதிகம் உதிர்ந்திருக்கிறது. முகம் அப்படியே இருக்கிறது.