வாராந்திர சர்க்கரை ஊசி இன்சுலின் இல்லை, போட்டுவிட்டு வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள்

போன திங்கட்கிழமை காலை, பாலக்கோடு பக்கத்து ஊரிலிருந்து ஒருவரை அவர் மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். தக்காளி விவசாயி, வயது 56. நாக்கு வறண்டு வெடித்துக் கிடந்தது, புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. புதன்கிழமை இரவு ஊசி போட்டிருக்கிறார், வியாழன் மதியத்திலிருந்து வாந்தி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரே ஒரு முறைதான் சிறுநீர் போயிருக்கிறார். இரண்டு மாதம் முன்பு 1.0 இருந்த கிரியாட்டினின் (சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு) இப்போது 2.6.

"இவ்வளவு வாந்தி எடுக்கிறாரே, அப்புறமும் ஏம்மா சாப்பாடு குடுத்தீங்க?" என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

"ஊசி போட்டுட்டு சாப்பிடலைன்னா சர்க்கரை இறங்கி மயக்கம் போட்டுடும்னு சொல்வாங்களே மேடம். அதான் ஒரு களி உருண்டையாவது உள்ள போகட்டும்னு கட்டாயப்படுத்தி ஊட்டுனேன்."

அந்த அம்மா மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அவருடைய மாமியார் பல வருஷம் இன்சுலின் போட்டவர். ஊசி போட்டு அரை மணி நேரத்தில் தட்டு முன்னால் உட்கார வேண்டும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன பாடம். இது வேறு ஊசி என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எழுதிக் கொடுக்கும் நாங்கள் இன்னும் இரண்டு நிமிஷம் செலவழித்திருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் இதே கதையோடு வருகிற மூன்றாவது ஆள் இவர், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செமாக்ளூடைட் (ஓசெம்பிக் என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள்), டிர்செபடைட் (மௌன்ஜாரோ), டுலாக்ளூடைட் (ட்ரூலிசிட்டி), வாரம் ஒருமுறை போடும் இந்த மூன்றும் இன்சுலின் இல்லை. ஊசி போடும் பேனா ஒரே மாதிரி இருக்கும், வயிற்றில்தான் போடுவோம், சர்க்கரைக்குத்தான் போடுவோம், ஆனாலும் இன்சுலின் இல்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலின் சர்க்கரையை இறக்கிவிடும், அதனால்தான் போட்டதும் சாப்பிடச் சொல்கிறோம். இந்த ஊசி அப்படி இல்லை. ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கும்போதுதான் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும், சர்க்கரை சாதாரணமாக இருந்தால் பேசாமல் இருக்கும். கூடவே இரைப்பையிலிருந்து சாப்பாடு இறங்குகிற வேகத்தையும் குறைத்துவிடும். போட்டது ஒரு நாளில் தீர்ந்துவிடுவதும் இல்லை. செமாக்ளூடைட் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் ஊசிக்கு முன்னால் சாப்பிட வேண்டும், பின்னால் சாப்பிட வேண்டும் என்ற கணக்கே இதற்குக் கிடையாது. காலையிலோ ராத்திரியிலோ எப்போது வேண்டுமானாலும் போடலாம். போட்ட பிறகு பசிக்கவில்லை என்றால் சாப்பிடாதீர்கள், பசித்தால் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். மெதுவாக இறங்கும் வயிற்றில் முழுக் களி உருண்டையை வற்புறுத்தித் திணித்தால் அது வெளியே வராமல் என்ன செய்யும்?

சிலருக்கு நாங்களே இன்சுலினும் இந்த ஊசியும் சேர்த்துக் கொடுத்திருப்போம். அவர்களுக்கு இன்சுலினுக்கான சாப்பாட்டு விதி அப்படியே இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டாம்.

சரி, என்ன சாப்பிடுவது என்று கேட்பார்கள். நம் ஊர்ச் சாப்பாட்டில் தவறே இல்லை, அளவில்தான் விஷயம். ஒரு உருண்டை களி சாப்பிட்டவர் பாதி உருண்டை போதும். அதோடு கீரைக் குழம்போ அவரைக்கொட்டைக் குழம்போ இருக்கட்டும், ஒரு முட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டையையும் பயறையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் களிக்கு வாருங்கள். களியை விழுங்கிப் பழகிய கைக்கு மெதுவாகச் சாப்பிடுவது கஷ்டம்தான், தெரியும், இருந்தாலும் சின்னச் சின்னதாகக் கிள்ளி எடுங்கள். இன்னும் நாலு வாய் சாப்பிடலாம் என்று தோன்றும்போதே எழுந்துவிடுங்கள். எண்ணெயில் பொரித்ததும் கொழுப்புக் கறியும் ஊசி போட்ட முதல் இரண்டு மூன்று நாள் வேண்டவே வேண்டாம். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய்க் குளித்துவிட்டு, ஆற்றங்கரையில் பொரித்த மீனை ஒரு பிடி பிடித்துவிட்டு, ராத்திரி வாந்தியோடு வந்தவர் ஒருவர் இருக்கிறார். முந்தைய நாள்தான் அளவு கூட்டிய ஊசி போட்டிருந்தார். திருவிழாவுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, அந்த வாரம் எந்தக் கிழமை போடலாம் என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

கிழமையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. ஓசூர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கிற நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். வார விடுமுறைக்கு முந்தின ராத்திரி போடுங்கள் என்றுதான் அவர்களுக்குச் சொல்வேன். குமட்டல் வந்தாலும் மறுநாள் வீட்டில் இருக்கலாம்.

அடுத்தது, "வாந்தி வந்தாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்ற பேச்சு. யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் சொல்கிறார்கள். இல்லவே இல்லை. லேசான குமட்டல் ஆரம்பத்தில் பலருக்கு வரும், சில வாரத்தில் தணியும். வாந்தியே வராமல் சர்க்கரையும் எடையும் அழகாக இறங்கியவர்கள் எத்தனையோ பேர். திரும்பத் திரும்ப வாந்தி வந்தால் அளவு அதிகம், அல்லது கூட்டிய வேகம் அதிகம், அல்லது சாப்பாடு அதிகம். தாங்கிக்கொண்டு வீட்டில் படுத்திருக்காதீர்கள்.

செமாக்ளூடைட் என்றால் முதல் நான்கு வாரம் 0.25 மில்லிகிராம், டிர்செபடைட் என்றால் 2.5. அந்த அளவு சர்க்கரையைக் குறைக்கக் கொடுப்பதில்லை, வயிறு பழகுவதற்குக் கொடுப்பது. "ஒரு மாசமா போடுறேன், சர்க்கரை அப்படியேதான் இருக்கு" என்று நீங்களே அளவைக் கூட்டினால் மாட்டிக்கொள்வது உங்கள் வயிறுதான். பெங்களூரில் மேஸ்திரி வேலை பார்க்கும் ஒருவர், மைத்துனர் போட்டுக்கொண்டிருந்த 1 மில்லிகிராம் பேனாவை வாங்கி முதல் ஊசியே அந்த அளவில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தார். மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. பேனாவைப் பகிர்ந்துகொள்ளவே கூடாது, புது ஊசி மாட்டினாலும் கூடாது. ஒருவர் ரத்தத்தில் உள்ள கிருமி இன்னொருவருக்குப் போய்ச் சேரும்.

மௌன்ஜாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் சின்னப் பாட்டிலில்தான் வந்தது. இன்னும் சிலர் பாட்டிலில் வாங்கி சிரிஞ்சில் எடுத்துப் போடுகிறார்கள். அதில் ஒரு தடவைக்கு அரை மில்லி. வீட்டில் கிடக்கும் இன்சுலின் சிரிஞ்சில் எடுத்தால், சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சில் அது 20ஆம் கோடு, ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சில் 50ஆம் கோடு. கோட்டின் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு சிரிஞ்சை மாற்றினால் அளவு தலைகீழாகிவிடும். முதல் ஊசியை நர்ஸ் முன்னால் நீங்களே எடுத்துக் காட்டுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சர்க்கரை தாழ்ந்து போகாதா என்று கேட்பவர்களுக்கு, இந்த ஊசியை மட்டும் போட்டால் அது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளாமைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ கூடச் சேர்ந்தால் தாழும். இந்த மாதிரி மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு வீட்டு வாசலுக்கே மாத்திரை வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று மலைக் கிராமத்து ஜனங்களைக் கேட்டால் தெரியும். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அங்கே வாங்கும் மாத்திரை அட்டையை என்னிடம் காட்டுங்கள், நான் எழுதிய ஊசியை வீட்டுக்கு வரும் அக்காவிடம் சொல்லுங்கள். "அது கவர்மெண்ட் மாத்திரைதானே மேடம்" என்று மறைத்தால் ஒரே மாத்திரை இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே போகும். வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் போன் செய்யுங்கள்.

வாந்தியோ பேதியோ வந்த நாளில் என்ன செய்வது? ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு சர்க்கரைக் கரைசல் குடிக்க வேண்டும். உடனே "அதுல சர்க்கரை இருக்குமே" என்பார்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி கலக்கிய ஒரு லிட்டரில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ், ஏறக்குறைய மூன்று சின்ன ஸ்பூன்தான். அதற்குப் பயந்து சிறுநீரகத்தைக் காயப்போடாதீர்கள். மருந்துக் கடையில் பாக்கெட் வாங்கி ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கலந்து, மடக்கு மடக்காகக் குடியுங்கள், ஒரே மூச்சில் குடித்தால் அதுவும் வாந்தியாகிவிடும். மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் என்கிற சர்க்கரை மாத்திரைகள், டெல்மிசார்டன் என்கிற ரத்த அழுத்த மாத்திரை, நீர் போவதற்கான மாத்திரை இவற்றையெல்லாம் அன்றைக்கு நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும், போன் செய்து எதை நிறுத்துவது என்று கேளுங்கள். பாலக்கோட்டுக்காரர் நான்கு நாளும் ஒன்று விடாமல் எல்லா மாத்திரையும் போட்டிருக்கிறார். சொன்னபடி கேட்கிற மனுஷர், அதுவே அவருக்கு வினையாகிவிட்டது.

மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, நடை, தேவைப்பட்டால் இசப்கோல். நாட்டு மருந்துக் கடைப் பேதி மருந்து வேண்டாம். அழுகிய முட்டை நாற்றத்தில் ஏப்பம் வந்தால் பயப்பட வேண்டாம், சாப்பாட்டைக் குறைத்து, பாதித் தட்டில் எழுந்தால் பெரும்பாலும் அடங்கும்.

பயப்பட வேண்டியது மேல் வயிற்று வலிக்கு. விடாமல் வலித்து முதுகுப் பக்கம் பாய்ந்தால், "கேஸ்" என்று சோடாவும் ஓமத்தண்ணீரும் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள், கணையம் வீங்கியிருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், கண் மஞ்சள் என்றால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். இரண்டுக்கும் ராத்திரி என்று பார்க்காமல் 108ஐ அழையுங்கள், அடுத்த ஊசியை நாங்கள் சொல்லும் வரை போட வேண்டாம். முன்பே கணைய அழற்சி வந்தவர்கள் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும், குடிப்பழக்கத்தையும் சேர்த்துத்தான். நான் திட்ட மாட்டேன், சத்தியமாக.

ஊசி தொடங்குமுன் கண்ணின் விழித்திரையைக் காட்டிவிடுங்கள். ஏற்கெனவே விழித்திரை பாதித்தவர்களுக்குச் சர்க்கரை வேகமாக இறங்கும்போது அது மோசமாகலாம். தைராய்டு மாத்திரை போடுகிற பெண்கள் பயந்து போய்க் கேட்கிறார்கள். சாதாரணத் தைராய்டு குறைபாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மெடுல்லரி என்கிற அரிய வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தால்தான் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் தொடங்கும்போதும் அளவு கூட்டும்போதும் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். எந்த ஆபரேஷனாக இருந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் வாரம் ஒரு ஊசி போடுகிறேன் என்று சொல்லுங்கள், வெறும் வயிறு என்று நினைத்தாலும் உள்ளே சாப்பாடு இருக்கும்.

பேனாவைப் பிரிட்ஜில் வையுங்கள், பிரீசரில் வேண்டாம், உறைந்து போனதைத் தூக்கிப் போடுங்கள். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அரூர் வரை போகாதீர்கள். ஒரு ஊசி மறந்தால் செமாக்ளூடைட் 5 நாளுக்குள்ளும் டிர்செபடைட் 4 நாளுக்குள்ளும் போடலாம், தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த கிழமை போடுங்கள். இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால் பழைய அளவிலேயே ஆரம்பிக்காமல் முதலில் கேளுங்கள்.

இளைத்த முகத்தைப் பார்த்து, "சர்க்கரை முத்திப்போச்சா?" என்று ஊரில் கேட்பார்கள். அந்தப் பேச்சுக்காகவே ஊசியை விட்டவர்கள் உண்டு, சில மாதத்தில் சர்க்கரை பழையபடி ஏறி வருவார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். கொள்ளு, முட்டை, பருப்பு தினமும் சாப்பிட்டு, தோட்ட வேலையை விடாமல் செய்தால் சதை கரைவது குறையும்.

பாலக்கோட்டுக்காரருக்கு ஐந்தாம் நாள் கிரியாட்டினின் 1.2க்கு இறங்கியது. சில வாரம் ஊசியை நிறுத்தி வைத்திருக்கிறோம், திரும்பத் தொடங்கும்போது 0.25இலிருந்துதான். வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் மனைவி, "பாதி உருண்டைன்னா இவ்வளவா மேடம்?" என்று உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். நான் அவர் விரல்களை இன்னும் கொஞ்சம் மடக்கிவிட்டேன்.