பின்பாரம் ஏறினால் டிரெய்லர் ஏன் ஆடுகிறது?

வாசகர் ஒருவர் தம் அனுபவத்தை எழுதி, அதன் அடியில் ஒரு கேள்வியையும் கேட்டிருக்கிறார். மூன்றரை டன் வரை இழுக்கத் தகுதியுள்ள பிக்கப் டிரக்கில், சுமையோடு சேர்த்து இரண்டு டன் எடையுள்ள ஒற்றை அச்சு டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு அவர் நெடுஞ்சாலையில் போயிருக்கிறார். சுமையில் 300 கிலோ ஜெனரேட்டர் ஒன்றும் உண்டு. இறக்குவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று அதைப் பின்கதவை ஒட்டி வைத்திருக்கிறார். மணிக்கு 70 கிலோமீட்டர் வரை எந்தத் தொல்லையும் இல்லை. வேகம் 90ஐத் தொட்டிருந்தபோது பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்துபோக, டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகி, டிரக்கின் பின்புறத்தையும் பிடித்து இழுத்தது. நல்லவேளையாக விபத்து நேரவில்லை. "இழுக்கும் திறனில் ஏறத்தாழ பாதிதானே ஏற்றினேன்? இன்னும் கனமான ஹிட்ச் (டிரக்கின் பின்னால் டிரெய்லரைப் பூட்டும் இணைப்பு) வாங்க வேண்டுமா, ஆட்டத்தைத் தடுக்கும் கம்பி போட்டால் போதுமா?" என்பது அவர் கேள்வி.

இரண்டுக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது வேறொன்று. அதைச் சொல்வதற்கு முன், ஓடுபட்டையின் மேல் ஒரு பொம்மை வண்டியை வைத்துப் பலரும் செய்துகாட்டும் ஓர் எளிய சோதனையைப் பார்த்துவிடுவோம். பொம்மை வண்டியின் பின்னால் இரு சக்கர டிரெய்லர் ஒன்று பூட்டப்பட்டிருக்கும். அதன் மேல் இரும்பு வில்லைகளை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்க முடியும். வில்லைகளை முன்புறம் வைத்துப் பட்டையை ஓடவிட்டு, டிரெய்லரை விரலால் பக்கவாட்டில் தட்டினால், அது இரண்டு முறை அசைந்து அடங்கிவிடும். அதே வில்லைகளை, ஒரு கிராம்கூடக் கூட்டாமல், பின்புறம் நகர்த்திவிட்டு அதே வேகத்தில் அதே அளவு தட்டினால், ஆட்டம் அடங்காமல் வளர்ந்து, சில நொடிகளில் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து திரும்பிக் கவிழும். எடை மாறவில்லை, வேகம் மாறவில்லை, கொக்கியும் மாறவில்லை. பாரம் இருந்த இடம் மட்டுமே மாறியது.

வண்டி ஓட்டிகளிடம் இதற்கென்றே முன்பாரம், பின்பாரம் என்ற சொற்கள் உண்டு. அச்சுக்கு முன்னால் கூடுதல் எடை இருந்தால் ஏர்க்கால் கீழே அழுத்தும். பின்னால் கூடினால் மேலே தூக்கும். டிரெய்லரிலும் கணக்கு அதுவேதான்: ஹிட்சின் நுனியிலுள்ள உருண்டையான பந்தின் மேல் இறங்கும் எடையே முன்பாரம். அது மொத்த எடையில் எத்தனை சதவீதம் என்பதுதான் கணக்கு. பந்தில் பூட்டி இழுக்கும் டிரெய்லர்களுக்கு அமெரிக்க வழக்கில் 10 முதல் 15 சதவீதம் வரை வைக்கச் சொல்வார்கள். எண் பலருக்கும் தெரியும். ஏன் அந்த எண் என்று கேட்டால்தான் விடை கிடைப்பது அரிது. எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் அந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

முதலில் டயர். ஓடும் டயர், அது பார்க்கும் திசைக்கும் உண்மையில் நகரும் திசைக்கும் இடையே சிறு கோணம் விழும்போது, அந்தக் கோணத்துக்கு ஏற்ற பக்கவிசையைத் தரையிலிருந்து பெறுகிறது. டிரெய்லர் ஒரு பக்கம் திரும்பி நிற்கும்போது அந்தத் திருப்பமே ஒரு கோணம். அதனால் எழும் விசை, சுருள்வில்லைப் போல டிரெய்லரை மீண்டும் நேர்கோட்டுக்குத் தள்ளுகிறது. இந்த விசை வேகத்தைப் பொறுத்து மாறுவதில்லை. டிரெய்லர் பக்கவாட்டில் வீசிக்கொண்டிருப்பதால் இன்னொரு கோணமும் சேர்கிறது. அதுதான் ஆட்டத்தின் ஆற்றலை உறிஞ்சி அடக்குவது. இந்த இரண்டாவது கோணமோ வேகத்தைப் பொறுத்தது. டயர் நொடிக்கு அரை மீட்டர் பக்கவாட்டில் நகர்வதாக வைத்துக்கொள்வோம். வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் போனால், கோணம் ஏறத்தாழ 2.9 பாகை. மணிக்கு 90 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 25 மீட்டரில், அதே வீச்சுக்குக் கிடைக்கும் கோணம் ஏறத்தாழ 1.1 பாகை மட்டுமே. ஆட்டத்தை அடக்கும் விசை ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடுகிறது. வில் அப்படியே இருக்கிறது, அதை அடக்கும் கை மட்டும் வேகம் ஏற ஏறத் தளர்ந்துவிடுகிறது. 70இல் அமைதியாக வந்த டிரெய்லர் 90இல் தொல்லை கொடுத்ததற்கு முதல் காரணம் இது.

ஆனால் இது பாதி விடைதான். அடக்கும் விசை எவ்வளவு குறைந்தாலும் சுழியாவதில்லை. பந்து அசையாமல் நேர்கோட்டில் சென்றுகொண்டிருந்தால், எந்த ஆட்டமும் மெதுவாகவாவது அடங்கியே தீரும். ஆட்டம் வளர வேண்டுமானால் பந்து பக்கவாட்டில் அசைய வேண்டும். பந்தோ டிரக்கின் பின்னச்சுக்கும் பின்னால், ஒரு மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே கொடுக்கும் பக்கத்தள்ளு ஒவ்வொன்றும் நெம்புகோலாக வேலை செய்து டிரக்கையே திருப்பும். அப்படியானால், டிரெய்லரின் டயர் நேராக்க முயலும்போது, பந்து எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது?

கிரிக்கெட் மட்டையைப் பிடித்தவர்களுக்கு இதற்கான விடை உள்ளங்கையிலேயே இருக்கிறது. மட்டையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பந்து பட்டால் கையில் அதிர்வே தெரியாது. அதற்கு மேலே, கைப்பிடிக்கு நெருக்கமாகப் பட்டால் கைப்பிடி பின்னோக்கி, உள்ளங்கைக்குள் தள்ளும். அதற்குக் கீழே, நுனியில் பட்டால் கைப்பிடி எதிர்த்திசையில் விரல்களை இழுக்கும். அந்த இடத்தை இங்கே அதிராப் புள்ளி என்று அழைப்போம். டிரெய்லரும் படுக்கவைத்த மட்டைதான்: ஹிட்ச் பந்தில் பூட்டிய முனை கைப்பிடி, சக்கரங்களுக்குத் தரை கொடுக்கும் பக்கவிசை மட்டையில் படும் அடி.

டிரெய்லரின் வால் வலப்பக்கம் வீசியிருக்கிறது என்று கொள்வோம். தரை சக்கரத்தை இடப்பக்கம் தள்ளுகிறது. அச்சு அதிராப் புள்ளிக்கு முன்னால், அதாவது பந்துக்கு நெருக்கமாக இருந்தால், கைப்பிடி அடியின் திசையிலேயே நகர்வதைப் போல டிரெய்லரின் மூக்கும் இடப்பக்கம் தள்ளப்படும். அது டிரக்கின் பின்புறத்தை இடப்பக்கம் இழுக்கும். மூக்கு இடப்பக்கம், வால் வலப்பக்கம் என்றால் கோணம் குறையாது, கூடும். நேராக்க வந்த விசையே ஆட்டத்துக்குத் தீனி போடுகிறது. அச்சு அதிராப் புள்ளிக்குப் பின்னால் இருந்தாலோ, மூக்கு வலப்பக்கம், வால் போன பக்கமே நகரும். டிரக்கும் சேர்ந்து ஆட்டத்தை அடக்கும். டயரின் தாமதம், டிரக்கின் சொந்த அசைவு எல்லாவற்றையும் சேர்த்தால் முழுக் கணக்கு இதைவிட நீளமானது. ஆயினும் எந்தப் பக்கம் நன்மை, எந்தப் பக்கம் தீமை என்பதை இந்த மட்டைக் கணக்கு தெளிவாகக் காட்டிவிடுகிறது.

இனி எண்களைப் போட்டுப் பார்ப்போம். பந்திலிருந்து அச்சு 4 மீட்டர் தூரத்தில் இருக்கட்டும். பாரம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும் சுழற்சி ஆரம் 1.2 மீட்டர், ஏறத்தாழ 4 மீட்டர் நீளப் பெட்டியில் சுமையைச் சீராகப் பரப்பினால் இந்த அளவு வரும். பந்திலிருந்து அதிராப் புள்ளியின் தூரம் என்பது, பந்துக்கும் நிறை மையத்துக்கும் உள்ள தூரத்தோடு, சுழற்சி ஆரத்தின் வர்க்கத்தை அதே தூரத்தால் வகுத்துக் கூட்டியது. அந்தப் புள்ளி சரியாக அச்சின் மேல் விழ வேண்டுமானால் நிறை மையம் 3.6 மீட்டரில் இருக்க வேண்டும்: 1.2ஐ 1.2ஆல் பெருக்கினால் 1.44, அதை 3.6ஆல் வகுத்தால் 0.4, இரண்டையும் கூட்டினால் 4. நிறை மையம் அச்சுக்கு 0.4 மீட்டர் முன்னால் இருந்தால் பந்தின் மேல் இறங்கும் எடை நான்கில் 0.4 பங்கு, அதாவது 10 சதவீதம். ஓட்டுநர்கள் அனுபவத்தால் கண்டு சொல்லிவந்த எண், காகிதத்தில் மட்டைக் கணக்கைப் போட்டாலும் அப்படியே வந்து நிற்பதை முதன்முறை கண்டபோது நான் கணக்கை மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. கனமான பொருள்களை முன்மூலையிலும் பின்மூலையிலும் பிரித்து வைத்து, சுழற்சி ஆரத்தை 1.5 மீட்டராக்கிவிட்டால், அதே பாதுகாப்புக்கு 17 சதவீத முன்பாரம் வேண்டியிருக்கும். கனமானவற்றை அச்சுக்கு அருகே குவித்து ஆரத்தை 1 மீட்டராகக் குறைத்தால் 7 சதவீதத்துக்கும் குறைவே போதும். தராசு 10 சதவீதம் காட்டினாலே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பிரிட்டனின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட சோதனை முடிவுகளும், அதிவேக நிலைப்புக்கு டிரெய்லரின் சுழல் நிலைமம் (திரும்புவதற்கு அது காட்டும் எதிர்ப்பு, பாரம் பரவப் பரவக் கூடுவது), முன்பாரம், அச்சின் இடம் ஆகிய மூன்றும் முக்கியம் என்றே காட்டின.

அப்படியானால் முன்பாரத்தை ஏற்றிக்கொண்டே போகலாமா என்றால், அதற்கும் எல்லை உண்டு. டிரக்கின் இரு அச்சுகளுக்கு இடைத்தூரம் 3.5 மீட்டர், பின்னச்சிலிருந்து பந்து 1.5 மீட்டர் என்றால், பந்தில் இறங்கும் 300 கிலோ முன்னச்சிலிருந்து ஏறத்தாழ 129 கிலோவைத் தூக்கிவிட்டு, பின்னச்சில் 429 கிலோவை இறக்கும். முன்சக்கரங்கள் இலேசானால் திருப்பும் பிடியும் பிரேக் பிடியும் குறையும். எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் இதற்காகத்தான் இருக்கிறது: இரண்டு வில்கம்பிகள் டிரெய்லரின் சட்டத்தைப் பிடித்து நெம்பி, எடையின் ஒரு பகுதியை டிரக்கின் முன்னச்சுக்கும் டிரெய்லரின் அச்சுக்கும் திருப்பி அனுப்புகின்றன. நல்ல கருவிதான். ஆனால் பின்பாரத்தை அது சரிசெய்வதில்லை.

வாசகர் கேட்ட உராய்வுக் கம்பி, டிரக்குக்கும் டிரெய்லருக்கும் இடையே தேய்ந்து ஆட்டத்தின் ஆற்றலைக் கொஞ்சம் தின்னும். சரியாக ஏற்றிய டிரெய்லருக்கு அது கூடுதல் காப்பு. பின்பாரம் ஏறிய டிரெய்லருக்கோ, ஆட்டம் தொடங்கும் வேகத்தைச் சற்றுத் தள்ளிப்போடுமே தவிரக் காரணத்தை நீக்காது. ஓட்டுநருக்குப் பொய்த்தைரியம் தந்து இன்னும் வேகமாக ஓட்டவைப்பதால் அது தீங்கும் செய்யும் என்பது என் கருத்து. கனமான ஹிட்ச் முறிவைத் தடுக்கும், ஆட்டத்தைத் தடுக்காது. ஹிட்சைப் பின்னுக்கு நீட்டும் இணைப்புக் குழாய் விற்கிறார்களே, அதை வாங்குமுன் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசிக்க வேண்டும்: அது பந்தைப் பின்னச்சிலிருந்து இன்னும் தள்ளி, டிரெய்லரின் கையில் நீளமான நெம்புகோலைக் கொடுக்கிறது. இதற்கு நேர்மாறானது, டிரக்கின் சரக்குத் தட்டுக்குள், பின்னச்சுக்கு நேர்மேலே அல்லது சற்று முன்னால் பூட்டும் ஐந்தாம் சக்கர இணைப்பு. அங்கே நெம்புகோலின் நீளமே ஏறத்தாழ இல்லாததால், பக்கத்தள்ளு டிரக்கைத் திருப்ப முடிவதில்லை.

மற்ற துணைக்கருவிகள் ஆட்டத்தோடு தொடர்பில்லாதவை, ஆனால் விட்டுவிடக் கூடாதவை. பந்தும், அதன் மேல் அமர்ந்து கவ்வும் டிரெய்லர் மூக்கிலுள்ள கப்ளரும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 2 அங்குலப் பந்தின் மேல் 2 5/16 அங்குலக் கப்ளரை வைத்தால் பூட்டிக்கொண்டது போலவே தோன்றும், நல்ல குலுக்கல் ஒன்றில் கழன்றுவிடும். காப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போடுவது, இணைப்பு கழன்றால் ஏர்க்கால் தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழுவதற்காக. சங்கிலியும் அறுந்தால், தனியாக மாட்டிய மெல்லிய கம்பி ஒரு முளையைப் பிடுங்கி, டிரெய்லரின் சொந்த மின்கலத்தால் அதன் பிரேக்குகளைப் பிடிக்கவைக்கும். அந்தக் கம்பியைச் சங்கிலியிலேயே மாட்டிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சங்கிலியின் கொக்கி கழன்றால் கம்பியும் கூடவே போய்விடும்.

ஆட்டம் வந்தால் வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்றொரு நம்பிக்கை ஓட்டுநர்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இழுப்பு கூடிய அந்த ஒரு கணத்தில் டிரெய்லர் சற்று நிமிர்வதுபோல் தெரிவதால் இது பிழைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் வேகம் ஏறினால் அடக்கும் விசை இன்னும் இறங்கும் என்பதை மேலே பார்த்தோம். உயிரோடு விளையாடும் மூடநம்பிக்கை இது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டித் திருத்த முயல்வதும் உதவாது. ஓர் ஆட்டம் முடிய ஒன்றிரண்டு நொடிதான் ஆகும். நம் கை கண்ணைப் பின்தொடர்ந்து திரும்புவதற்குள் டிரெய்லர் அடுத்த பக்கம் போய்விடுவதால், நம் திருத்தமும் ஆட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதே சரி. டிரெய்லர் பிரேக்குக்குத் தனி நெம்பு இருந்தால் அதை மட்டும் மெல்ல அழுத்தலாம்; பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது கயிற்றை விறைப்பாக்குவதுபோல இரண்டையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவரும்.

பந்தில் இறங்கும் எடையை அளக்கும் உணரிகள் இன்று இருக்கின்றன, ஆனால் விரும்பியவர் காசு கொடுத்து வாங்கும் பொருளாகவே இருக்கின்றன. தானாக ஓடும் வாகனங்களுக்குக் கொட்டிக் கொடுக்கும் ஆய்வு நிதியில் ஒரு சிறு பங்கை, சுமையின் பரவலையும் சேர்த்து அளந்து எச்சரிக்கும் மலிவான கருவி ஒன்றை உருவாக்கக் கொடுத்து, அதை ஒவ்வொரு டிரெய்லரிலும் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அது வரும்வரை வீட்டிலுள்ள எடைக்கருவியே துணை. அது 150 கிலோவுக்கு மேல் தாங்காது என்றால், உறுதியான பலகை ஒன்றின் ஒரு முனையைத் தரையில் கிடத்திய ஒரு குழாயின் மேலும் மறுமுனையை எடைக்கருவியின் மேலும் தாங்கவைத்து, குழாயிலிருந்து ஓர் அடியிலும் கருவியிலிருந்து இரண்டு அடியிலும் கப்ளர் அமரும்படி இறக்க வேண்டும். கருவி காட்டும் எண்ணை மூன்றால் பெருக்கினால் முன்பாரம் கிடைக்கும். டிரெய்லர் சமதரையில், சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, சாலையில் போகும் அதே உயரத்தில் நிற்க வேண்டும்.

வாசகர் இப்படி அளந்து எழுதியிருக்கிறார். பலகையைக் கழித்தபின் கருவி காட்டியது 27 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதாவது 2,000 கிலோ டிரெய்லரில் முன்பாரம் 80 கிலோ, வெறும் 4 சதவீதம். அவருடைய டிரெய்லரிலும் பந்துக்கும் அச்சுக்கும் 4 மீட்டர்தான். பின்கதவை ஒட்டியிருக்கும் 300 கிலோ ஜெனரேட்டரை இரண்டு மீட்டர் முன்னே நகர்த்தி, அச்சுக்கு அருகே கொண்டுவந்து கட்டினால், பந்தின் மேல் 150 கிலோ கூடி முன்பாரம் 230 கிலோ ஆகும், அதாவது 11.5 சதவீதம். ஹிட்சின் தகட்டில் பொறித்திருக்கும் செங்குத்து எடை வரம்பு 230க்கு மேல் இருக்கிறதா என்பதை மட்டும் அவர் பார்த்துக்கொண்டால் போதும். வாங்க வேண்டியது எதுவும் இல்லை.