59 வேட்பாளர், 60 பட்டன், நாலு பெட்டி

2017 டிசம்பர் 21 அன்று சென்னை ஆர்.கே.நகர் சட்டமன்ற இடைத்தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கலாம். பூத்தில் மறைப்புக்குப் பின்னால் ஒரு மெஷின் அல்ல, வரிசையாக நாலு மெஷின். போட்டியிட்டவர்கள் 59 பேர். நோட்டாவோடு சேர்த்தால் 60. ஒரு பேலட் யூனிட்டில் 16 பட்டன்தான் உண்டு. ஆகவே நாலு பெட்டி. கடைசிப் பெட்டியில் மிஞ்சும் நாலு பட்டன்களை யாரும் அழுத்திவிடாதபடி வெள்ளை மறைப்பு போட்டு மூடிவிடுவார்கள்.

கொருக்குப்பேட்டை ரயில் யார்டில் வேகன்களைக் கோர்ப்பதுபோல இந்தப் பெட்டிகளை ஒயரால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்கிறார்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. முதல் பெட்டியில் அதை 1-லும், அடுத்ததில் 2-லும் நகர்த்தி வைத்து சீல் போடுவார்கள். இரண்டாவது பெட்டியின் முதல் பட்டனை அழுத்தினால், அதிகாரியின் மேசையில் இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டில் 17-ஆம் எண்ணுக்கு ஒரு ஓட்டு ஏறும். அந்த 17 யார், எந்தக் கட்சி, என்ன சின்னம் என்பதெல்லாம் கன்ட்ரோல் யூனிட்டுக்குத் தெரியாது. பெயரும் சின்னமும் பட்டனுக்குப் பக்கத்தில் செருகிய காகிதத்தில்தான் இருக்கின்றன.

இந்த அறியாமை வேண்டுமென்றே வைக்கப்பட்டது. மெஷின்களைத் தயாரிப்பவை பெங்களூரில் உள்ள பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்), ஹைதராபாத்தில் உள்ள இசிஐஎல் என்ற இரண்டு அரசு நிறுவனங்கள். வேட்பாளர் வரிசையோ, மனுவை வாபஸ் வாங்கும் நாள் முடிந்த பிறகுதான் முடிவாகும்: முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், அடுத்து பதிவு மட்டும் செய்த கட்சிகள், அப்புறம் சுயேச்சைகள், ஒவ்வொரு பிரிவிலும் அகர வரிசை. தொழிற்சாலையில் ஒருவர் சிப்பில் கைவைக்க நினைத்தாலும், எந்த எண்ணுக்கு ஓட்டைக் கூட்டுவது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. போதாததற்கு, எந்த மெஷின் எந்தத் தொகுதிக்குப் போகும் என்று ஒரு முறையும், எந்த பூத்துக்குப் போகும் என்று மறுமுறையும் கம்ப்யூட்டரில் குலுக்கிப் போடுகிறார்கள். முதல் குலுக்கல் கட்சிக்காரர்கள் முன்னிலையில், அடுத்தது வேட்பாளர்கள் முன்னிலையில்.

தேர்தல் ஆணையம் 1950 ஜனவரி 25-இல் தொடங்கியது. இன்று தலைமை ஆணையரையும் சேர்த்து மூன்று பேர். சொந்த ஊழியர்கள் சில நூறு பேர்தான். அரசியலமைப்பின் 324-ஆவது பிரிவு தரும் உரிமையில், தேர்தல் சமயத்தில் அரசு ஊழியர்களை இரவல் வாங்குகிறார்கள். தண்டையார்பேட்டை பள்ளிக்கூடத்தில் உங்கள் விரலில் மை வைப்பவர் வேறு ஏதோ பள்ளியின் ஆசிரியராக இருப்பார். மற்ற மாவட்டங்களில் கலெக்டர் பார்க்கும் மாவட்டத் தேர்தல் அதிகாரி வேலையை, சென்னையில் மாநகராட்சி ஆணையர் பார்க்கிறார். (கவுன்சிலர் தேர்தலை நடத்துவது இவர்கள் அல்ல, அது தனியான மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வேலை.) இத்தனை லட்சம் இரவல் ஆட்களும் யோக்கியர்கள் என்று நம்பி ஒரு நாட்டின் தேர்தலை நடத்த முடியாது. அதனால்தான் ஆணையம் சந்தேகத்தையே ஒரு வேலையாக ஆக்கி எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது.

காலையில் வாக்குப்பதிவு தொடங்கும் முன், பூத் ஏஜென்ட்டுகள் கண்முன் குறைந்தது 50 மாதிரி ஓட்டுகளைப் போட்டு எண்ணிக் காட்டி, பிறகு அழிக்க வேண்டும். அதன்பின், அதிகாரி கன்ட்ரோல் யூனிட்டில் ஒருமுறை பட்டனைத் தட்டிவிட்டால் ஒரே ஒரு ஓட்டு. அடுத்தவருக்கு மறுபடி தட்டும்வரை பேலட் யூனிட் வெறும் பெட்டிதான். மாலையில் குளோஸ் பட்டனை அழுத்திய பிறகு ஒரு ஓட்டும் ஏறாது. மொத்தம் எத்தனை ஓட்டு என்பதை 17சி என்ற படிவத்தில் எழுதி, ஏஜென்ட்டுகளுக்கு நகல் கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், மொத்த ஏற்பாட்டிலும் சாமர்த்தியமானது இந்த ஒரு தாள்தான். கொருக்குப்பேட்டை பூத்தில் சாயங்காலம் எழுதிய எண், ராணி மேரி கல்லூரியில் எண்ணும்போது மெஷின் காட்டும் எண்ணோடு பொருந்தவில்லை என்றால், சட்டைப்பையில் நகல் வைத்திருக்கும் எதிர்க்கட்சி ஏஜென்ட் அங்கேயே சண்டைக்கு நிற்பார்.

விவிபேட் வந்த பிறகு கதை கொஞ்சம் மாறியது. நீங்கள் போட்ட ஓட்டின் சீட்டை ஏழு விநாடி காட்டிவிட்டு உள்ளே போட்டுக்கொள்ளும் இந்த பிரின்டருக்குச் சின்னம் தெரிந்தாக வேண்டும். வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகு சின்னங்களை அதில் ஏற்றுகிறார்கள். விமர்சகர்கள் கைகாட்டுவது இந்த இடத்தைத்தான். சின்னம் தெரிந்துவிட்டால் அந்தப் பழைய அறியாமை என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். சின்னம் ஏற்றும் கருவியை முடிவு வந்த பிறகு 45 நாள் சீல் வைத்துப் பாதுகாக்கும்படி உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது.

சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து பூத்களைக் குலுக்கி எடுத்து, விவிபேட் சீட்டுகளைக் கையால் எண்ணி மெஷினோடு ஒப்பிடுவது 2019 முதல் வழக்கம். ஐந்து போதுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆர்.கே.நகர் அளவுள்ள ஒரு தொகுதியில் சுமார் 250 பூத்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒன்றில் தில்லுமுல்லு என்றால், ஐந்தில் ஒன்றாவது சிக்கும் வாய்ப்பு 100-க்கு 41-தான். இதுவே மாநிலப் பொதுத்தேர்தல் என்றால், 234 தொகுதிகளில் 1,170 பூத்கள் சோதனைக்கு வரும். மாநிலம் முழுக்க நூற்றில் ஒரு மெஷினைக் கெடுத்திருந்தாலும், ஒன்றுகூடச் சிக்காமல் தப்பும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்றைவிடக் குறைவு. ஆட்சியையே திருட நினைப்பவனுக்கு இந்த ஐந்து பெரிய தடை. ஒரே ஒரு இடைத்தேர்தலைத் திருட நினைப்பவனுக்கு அவ்வளவு இல்லை. இடைத்தேர்தல்களுக்கு மட்டுமாவது இந்த எண்ணைக் கூட்டலாம்.

ஆனால் ஆர்.கே.நகரில் சிக்கல் மெஷினில் இல்லை. அதே தொகுதிக்கு 2017 ஏப்ரல் 12-இல் நடக்க வேண்டிய வாக்குப்பதிவை, வாக்காளர்களுக்குப் பணம் போனதாகச் சொல்லி, சில நாள் முன்னால் ஆணையம் ரத்து செய்தது. 2016-இல் அரவக்குறிச்சிக்கும் தஞ்சாவூருக்கும் இதே கதிதான். 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் நின்றது. அது பொதுத்தேர்தல், அறிவிக்கை குடியரசுத் தலைவர் பெயரில் வந்தது என்பதால், ஆணையம் பரிந்துரைக்க அவர்தான் ரத்து செய்தார்.

தேர்தலை நிறுத்தலாமே தவிர, பணம் கொடுத்ததாகச் சந்தேகிக்கும் வேட்பாளரை மறுபடி நிற்காதே என்று சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் கிடையாது. யார் கொடுத்தது என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை, அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். அதனால் ஏப்ரலில் களத்தில் இருந்த பிரதான வேட்பாளர்கள் மூவரும் டிசம்பரிலும் நின்றார்கள். இடையில் ஆணையம் இரட்டை இலைச் சின்னம் யாருக்கு என்ற வழக்கை முடித்துவைத்திருந்ததால், ஒருவருக்கு மின்கம்பம் போய் இரட்டை இலையும், இன்னொருவருக்குத் தொப்பி போய் குக்கரும் வந்திருந்தன.