விளக்கை அணைத்துப் பார்க்கும் நுண்ணோக்கி

வடசேரியில் நான் வழக்கமாகப் பழம் வாங்கும் கடைக்கார அண்ணாச்சி, ஐந்நூறு ரூபாய்த் தாள் எது வந்தாலும் மேசை அறையிலிருந்து சின்ன ஊதா டார்ச் ஒன்றை எடுத்து அடித்துப் பார்ப்பார். நல்ல தாள் என்றால் எண் வரிசை பளிச்சென்று மின்னும். காகிதத்துக்குள் கிடக்கும் மெல்லிய இழைகளும் தலைகாட்டும். போன மாதம் ஒருநாள், இருட்டிய நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. சும்மா இருக்காமல் அந்த டார்ச்சை வாங்கி, தொங்கிக்கொண்டிருந்த மோரிஸ் வாழைத்தார் மேல் அடித்தேன். மஞ்சள் பழம் நீலமாகத் தெரிந்தது. தோலில் விழுந்திருந்த கறுப்புப் புள்ளிகளைச் சுற்றி இன்னும் வெளிறிய நீல வளையங்கள். அண்ணாச்சி ஒரு கணம் பார்த்தார். "டார்ச்சை அணையுங்கள் தம்பி. மருந்தடித்த பழம் என்று யாராவது கிளப்பிவிடப் போகிறார்கள்" என்றார்.

மருந்து எதுவும் இல்லை. காய் பழுக்கும்போது தோலில் உள்ள பச்சையம் சிதைகிறது. அப்படிச் சிதைந்து வரும் நிறமற்ற பொருள்கள் சில, புறஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிர்கின்றன. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கிலும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் இருந்த ஆய்வாளர்கள் 2008இல் இதைக் கண்டு எழுதினார்கள். மறுவருடம் அந்தக் கறுப்புப் புள்ளியின் நீல வளையத்தையும் விளக்கினார்கள். அங்கே செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. அவர்கள் ஆராய்ந்தது மோரிஸ் சேர்ந்த கேவண்டிஷ் இனம். நம் மட்டியையும் செந்துளுவனையும் யாராவது உட்கார்ந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

நோட்டின் எண்ணும் பழத்தோலும் செய்வது ஒரே வேலைதான். பள்ளிப் பாடநூலில் இதற்கு 'உடனொளிர்தல்' என்று பெயர். மூலக்கூறு ஓர் ஒளித்துகளை விழுங்குகிறது. வாங்கிய ஆற்றலில் கொஞ்சத்தை அதிர்வாக, வெப்பமாக இழக்கிறது. மீதியை இன்னொரு ஒளித்துகளாகத் திருப்பித் தருகிறது. பணம் மாற்றிக் கொடுப்பவர் தமக்கான கமிஷனைப் பிடித்துக்கொள்வதைப்போலத்தான். கொடுத்ததைவிடக் குறைவாகவே கையில் திரும்பும். ஆகவே புறஊதா போனால் நீலம் வரும், நீலம் போனால் பச்சை வரும். இத்தனையும் நடந்து முடிய ஆகும் நேரம் சில நானோ விநாடிகள்.

1852இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் இதை நிரூபித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். சூரிய ஒளியைத் தேவாலயச் சன்னலின் நீலக் கண்ணாடி வழியே வடிகட்டி, மலேரியா மருந்தான கொய்னாவின் கரைசல் மேல் விழச்செய்தார். கரைசலிலிருந்து வந்த ஒளியை மஞ்சள் ஒயின் நிறைந்த ஒரு குவளை வழியே பார்த்தார். உள்ளே போகும் நீலம் ஒயினைத் தாண்டி வராது. கரைசல் தானாக உமிழ்ந்த ஒளி மட்டும் வரும். கோட்டாறு சவேரியார் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும். பக்திக்குச் சம்பந்தமில்லாத நினைப்புதான்.

இன்றைய ஒளிர்வு நுண்ணோக்கியில் இருப்பதும் அதே இரண்டு வடிகட்டிகள்தான். நீல லேசர் உள்ளே போகிறது. நீலத்தைத் திருப்பிவிட்டுப் பச்சையை மட்டும் கடத்தும் கண்ணாடி ஒன்று நடுவில் சாய்வாக நிற்கிறது. செல்லில் சாயம் ஏற்றப்பட்ட பகுதி மட்டும் கறுப்புப் பின்னணியில் பச்சையாக எரிகிறது. அந்தச் சாயத்தை வெளியிலிருந்து ஊற்றாமல் செல்லையே தயாரிக்கச் செய்யவும் முடியும். அதற்கு உதவியது ஒரு ஜெல்லி மீன். நம் கடற்கரையில் வலையில் ஏறினால் கை அரிக்கும் என்று உதறிவிடும் சொறியின் தூரத்து உறவு. 1961 கோடையில் ஒசாமு ஷிமொமுரா அமெரிக்கக் கரையில் ஆயிரக்கணக்கில் அவற்றைப் பிடித்துப் பிழிந்து ஆராய்ந்தார். அதில் பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றும் கிடைத்தது. 1994இல் மார்ட்டின் சால்ஃபி அந்தப் புரதத்தின் மரபணுவைப் புழுவுக்குள் வைத்து ஒளிரச்செய்தார். இருவரும் ரோஜர் சியென்னும் 2008இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இவ்வளவு இருந்தும் ஒரு சுவர் குறுக்கே நின்றது. 1873இல் எர்ன்ஸ்ட் அபே எழுப்பிக் காட்டிய சுவர். ஒளி ஓர் அலை என்பதால், எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் ஒரு புள்ளி புள்ளியாகக் குவியாது, ஒரு சிறு திட்டாகவே பரவும். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 510 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர்). அலைநீளத்தை லென்ஸின் திறப்பு எண்ணின், அதாவது எவ்வளவு அகலமான கோணத்தில் அது ஒளியை வாங்குகிறது என்பதைச் சொல்லும் எண்ணின், இருமடங்கால், அதாவது நல்ல எண்ணெய் லென்ஸுக்கு 2.8ஆல், வகுத்தால் ஏறத்தாழ 180 வரும். அதைவிட நெருங்கி நிற்கும் இரண்டு பொருள்கள் ஒரே திட்டாகத்தான் தெரியும். செல்லின் எலும்புக்கூடு போன்ற நுண்குழாய்களின் தடிமன் 25 நானோமீட்டர். நரம்பு முனையில் வேதிச்செய்தி சுமக்கும் பைகள் சுமார் 40. எல்லாம் சுவருக்கு அந்தப்பக்கம். அந்தச் சூத்திரத்தை யேனா நகரில் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

சுவரைத் தாண்டிய வழியைப் புரிந்துகொள்ள முட்டம் கலங்கரை விளக்கத்துப் பாறைமேல் ஓர் இரவு நின்றால் போதும். பத்துக் கிலோமீட்டர் தொலைவில் நங்கூரமிட்ட விசைப்படகில் மூன்று மீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் இரண்டு விளக்குகள் இருந்தால், நம் கண்ணுக்கு அது ஒரே விளக்கு. கடலில் மூடலாக இருந்தால் இன்னும் மோசம். ஆனால் படகில் இருப்பவர் முதல் விளக்கை மட்டும் போட்டு அணைத்து, பிறகு இரண்டாவதைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் மங்கிய வட்டமாகத் தெரிந்தாலும், அந்த வட்டத்தின் நடுமையம் எது என்று குறித்துவிடலாம். இரண்டு மையங்களையும் ஒரே தாளில் குறித்தால் இரண்டு விளக்குகள். கண் மாறவில்லை, மூடல் விலகவில்லை. பக்கத்து விளக்கு அணைந்திருந்தது, அவ்வளவுதான்.

இதைச் செல்லுக்குள் செய்தவர் எரிக் பெட்ஸிக். அவர் வாழ்க்கையே தனிக் கதை. பெல் ஆய்வகத்தில் இருந்தவர் அலுத்துப்போய் வேலையை விட்டார். இந்த யோசனையை 1995இல் எழுதி வைத்துவிட்டு, மிச்சிகனில் தம் அப்பாவின் இயந்திரக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார். பத்து வருடம் கழித்து, வேண்டும்போது 'போட' முடிகிற ஒளிர்புரதம் வந்துவிட்டது என்று தெரிந்ததும், நண்பர் ஹெரால்ட் ஹெஸ்ஸின் வீட்டுக் கூடத்தில் நுண்ணோக்கியைக் கட்டினார்கள். கூடம் என்றால் சோஃபா போடும் கூடம்தான். மெல்லிய ஊதா ஒளியைத் தெளித்தால், ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளில் ஏதோ சிலவே விழிக்கும். அவற்றைப் படமெடுத்து, மையங்களைக் குறித்து, எரித்து அணைத்துவிட்டு, அடுத்த சிலவற்றை எழுப்ப வேண்டும். இப்படிப் பல்லாயிரம் படங்கள். 2006இல் முடிவு வெளிவந்தது. அதே வருடம் ஷியாவ்வெய் சுவாங் சாயங்களைக் கொண்டு இதே வித்தையைத் தனியாகச் செய்து காட்டினார்.

மையத்தை எவ்வளவு துல்லியமாகக் குறிக்கலாம் என்பது கிடைக்கும் ஒளித்துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. நூறு துகள் கிடைத்தால் பிழை திட்டின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. பத்தாயிரம் கிடைத்தால் நூற்றில் ஒன்று.

ஸ்டெஃபான் ஹெல் வேறு வழியில் போனார். 1993இல் ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் இருந்தபோது, தூண்டு உமிழ்வு என்று ஐன்ஸ்டைன் 1917இல் விளக்கிய விளைவு அவர் மனதில் பட்டது. விழித்திருக்கும் மூலக்கூறின் மேல் சரியான நிறத்தில் இன்னொரு ஒளியைப் பாய்ச்சினால், அது தானாக ஒளிர்வதற்குள் கட்டாயமாக அடங்கிவிடும். ஹெல் அந்த அணைக்கும் ஒளிக்கு உளுந்து வடையின் வடிவம் கொடுத்தார். நடுவில் ஓட்டை. முதல் லேசர் ஒரு திட்டு முழுவதையும் எழுப்புகிறது. வடை லேசர் ஓரத்தில் விழித்தவற்றையெல்லாம் அடக்குகிறது. ஓட்டைக்குள் இருப்பவை மட்டும் ஒளிர்கின்றன. வடை லேசரின் வலுவைக் கூட்டக் கூட்ட ஓட்டை சுருங்கும். ஓட்டைக்கு அபேயின் சுவர் கிடையாது. 2000இல் சோதனையில் காட்டினார். 2014 நோபல் பரிசு இவருக்கும் பெட்ஸிக்குக்கும், தனி மூலக்கூறு ஒன்றை முதன்முதலில் ஒளியால் கண்டறிந்த மோர்னருக்கும் சேர்ந்து போனது.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. குளச்சல் கடற்கரையில் காயும் நைலான் வலை ஒன்றின் மேல் இன்னொன்று கிடந்தால், எந்த வலையிலும் இல்லாத பெரிய பட்டைகள் அலையலையாகத் தெரியுமே, அதுதான் அடிப்படை. செல்லின் மேல் கோடுகோடாக ஒளி பாய்ச்சி, எழும் பட்டைகளிலிருந்து கணினியில் நுண்விவரத்தைக் கணக்கிட்டு எடுக்கிறார்கள். இரண்டு மடங்கு தெளிவுதான் கிடைக்கும். உயிருள்ள செல்லை நோகடிக்காமல் பார்க்க இதுவே எனக்குப் பிடித்தது.

இதனாலெல்லாம் என்ன தெரிந்தது என்று கேட்பார்கள். ஒன்று சொல்கிறேன். நரம்பு செல்லின் நீண்ட வாலுக்குள் ஆக்டின் என்ற புரதம் ஏணிப்படிபோல வளையம் வளையமாக, சுமார் 190 நானோமீட்டர் இடைவெளி விட்டு அடுக்கப்பட்டிருக்கிறது. அபேயின் சுவர் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்பதால், அத்தனை காலமும் பார்த்தவர்களுக்கு அது ஒரே பூச்சாகத் தெரிந்தது. 2013இல் சுவாங் குழுவினர் பார்த்தபோதுதான் வளையங்கள் பிரிந்து நின்றன.

நான் சில வருடம் இப்படியொரு ஆய்வகத்தில் இருந்தேன். வெளியில் சொன்னால் நம்பமாட்டார்கள், அங்கே பாதி வேலை ஏசியைக் காப்பதுதான். பத்து சென்டிமீட்டர் எஃகுத் துண்டு ஒரு டிகிரி சூடேறினால் 1,200 நானோமீட்டர் நீளும். நாங்கள் அளக்க நினைப்பதோ 20. யாராவது கதவைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டு நின்றால் படம் நகர்ந்துவிடும். அதற்காகவே மாதிரியோடு தங்கத் துகள்களை ஒட்டிவைப்போம். அவை அணையாமல் ஒரே இடத்தில் மின்னும், அவற்றை வைத்து மற்ற புள்ளிகளின் நகர்வைக் கழிப்போம். மேசையோ காற்றடைத்த கால்கள் மேல் மிதக்கும். கறுப்புத் திரைக்குள் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தால், முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொறிகள் தெரியும், கொஞ்ச நேரத்தில் தொவாளையில் பூத் தொடுப்பதுபோலப் புள்ளிகள் சேர்ந்து இழையாகும். ஒருமுறை லேசர் மறைப்பை மூடாமல் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மூன்று நாள் தயாரித்த மாதிரி முழுக்கக் கறுத்திருந்தது. ஒளிரும் மூலக்கூறுக்கு ஆயுள் உண்டு, அதிகம் ஒளிரவைத்தால் நிரந்தரமாகச் செத்துவிடும்.

இந்தக் கருவிகள் விலை அதிகம், எல்லாக் கல்லூரிக்கும் கட்டுப்படியாகாது. அதனால்தான் 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட் பாய்டன் குழு செய்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. லென்ஸை விட்டுவிட்டுப் பொருளையே பெரிதாக்கினார்கள். குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தை உறிஞ்சும் சோடியம் பாலிஅக்ரிலேட் ஜெல்லைச் செல்லுக்குள் வளர்த்து, சாயத்தை அதில் பிணைத்து, செல்லின் புரதங்களை நொதியால் கரைத்து, தண்ணீரில் போட்டுவிட வேண்டும். ஜெல் எல்லாப் பக்கமும் சீராக நாலரை மடங்கு உப்பும். கன அளவில் சுமார் 90 மடங்கு. சாயப் புள்ளிகளும் அதே விகிதத்தில் விலகும். சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியே 70 நானோமீட்டர்வரை காட்டிவிடும். நாகர்கோவில் கல்லூரி ஆய்வகம் ஒன்றிலும் முயன்று பார்க்கக்கூடியது.

ஒரே ஒரு தொல்லை. உப்பிய ஜெல் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர். தட்டில் எங்கே கிடக்கிறது என்று கண்ணுக்கே தெரியாது. இடுக்கியால் தூக்கினால் கிழியும். நாங்கள் அறையை இருட்டாக்கி ஊதா டார்ச் அடித்து, சாயம் மினுங்கும் இடத்தைப் பார்த்து, தட்டையான கரண்டியை மெல்ல அடியில் செருகி எடுப்போம்.