சாத்துக்குடிக்கு ஊசி போட்டது யார்?

கடையில் வாங்கிய சாத்துக்குடியில் குண்டூசி நுழையும் அளவு துளை, சுற்றிலும் பழுப்பு வட்டம். “ரசாயன ஊசி போடுவதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதுவா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ஊசி என்பது வரை சரி. போட்டது, பெரும்பாலும், பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. பழத்தை அமுக்கினால் துளை வழியே சாறு கசியும். உள்ளே புழு இருக்காது. புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை.

யூடோசிமா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை இவை. சிறகை விரித்தால் எட்டு, பத்து சென்டிமீட்டர் வரும். மேல் சிறகு காய்ந்த சருகு மாதிரி இருக்கும்; கீழ்ச் சிறகு கருப்புக் குறி போட்ட ஆரஞ்சு.

பட்டாம்பூச்சியின் உறிஞ்சுகுழலைப் பள்ளியில் படித்திருப்பீர்கள்: சுருள்வில்லாகச் சுருண்டிருக்கும், மென்மையானது, பூந்தேனுக்குப் போதும். அதை வைத்துக்கொண்டு மாதுளைத் தோலைத் துளைக்க முடியுமா? யூடோசிமாவின் குழல் நுனி கெட்டிப்பட்டுக் கூராக இருக்கிறது. நுனியெங்கும் முட்களும் கொக்கிகளும். ஆனால் வெறும் கூர்மையால் காரியம் ஆகாது. எடையே இல்லாத பூச்சி எப்படி அழுத்தும்?

குழல் என்பது உண்மையில் நீளவாக்கில் ஒட்டிய இரண்டு பாதிகள். தலையை ஆட்டி ஆட்டி முதல் கீறலைப் போட்டதும், அந்தப் பாதிகள் மாறி மாறி முன்னும் பின்னும் நகர்கின்றன. ஒரு பாதி தன் கொக்கிகளால் பழச் சதையைப் பற்றிக்கொள்ள, மற்றது அந்தப் பிடிமானத்தில் முன்னேறும். பிறகு அது பற்றும், இது நகரும். பனையேறி காலை ஊன்றிக் கையை உயர்த்துவார், கையால் கட்டிப் பிடித்துக் காலை ஏற்றுவார் அல்லவா? அதே கணக்குத்தான், தலைகீழாகப் பழத்துக்குள் இறங்குகிறது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இதன் உறவுக்காரப் பூச்சியான கேலிப்ட்ரா, இதே கருவியால் பாலூட்டிகளின் தோலைத் துளைத்து ரத்தம் குடிப்பதை மலாயாக் காடுகளில் கண்டு 1968-ல் எழுதினார் பூச்சி ஆய்வாளர் ஹான்ஸ் பான்சிகர். குடிப்பவை ஆண் பூச்சிகள். ராத்திரி முழுக்கக் காட்டில் காத்திருந்து பூச்சி பார்க்கும் ஆராய்ச்சிக்கு நம்மூரில் யார் பணம் தருவார்கள் என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

துளை சிறிதுதான். பூஞ்சையும் பாக்டீரியாவும் அதன் வழியே நுழைவதால் பழம் அழுகி உதிர்கிறது. துளைக்கத் தெரியாத வேறு அந்துப்பூச்சிகளும் அதே துளையில் வந்து ஓசியில் குடிக்கும். வாசகி அந்தப் பழத்தைத் தூக்கிப் போடுவதே நல்லது.

மருந்து அடித்து இதை ஒழிப்பது கடினம். புழுப் பருவம் தோட்டத்தில் கழிவதில்லை. வேலியில் படரும் சீந்தில், கட்டுக்கொடி போன்றவற்றைத் தின்று வளர்கிறது. வளர்ந்த பூச்சி இருட்டியபின் வந்து குடித்துவிட்டுப் போய்விடும். பறிக்கப்போகிற பழத்தில் விஷம் தெளிப்பது யாருக்கு லாபம்? பழத்துக்கு உறை மாட்டுவதுதான் என் ஓட்டு. ஜப்பானியத் தோட்டங்களில் மஞ்சள் விளக்கு போடுகிறார்கள்; அந்த வெளிச்சத்தில் பூச்சியின் கண் பகல் நிலைக்குப் போய்விட, பழத்தை மறந்து சும்மா உட்கார்ந்துவிடுகிறது.